மொழியையே நாடாகக் கொண்ட நடிகை



ஓவியர் தம் தூரிகையை எந்த நாட்டிற்கும் எடுத்துச் செல்லலாம். மேடை நடிகருக்கோ மொழிதான் கருவி. அம்மொழி வழங்கும் மண்ணிலிருந்தே அவர் விரட்டப்பட்டால் என்ன செய்வார்? ஜெர்மானிய நடிகை தெரேசே கீசேயின் வரலாற்றைப் படித்தபொழுது என்னுள் எழுந்த வினா இது.

1898ஆம் ஆண்டு மியூனிக் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் கீசே. 1926 முதல் அந்நகரின் காமர்ஷ்பீலே அரங்கில் நடித்துப் புகழ்பெற்றார். 1933 ஜனவரி முதல் நாளன்று, எழுத்தாளர் தாமஸ் மன்னின் பிள்ளைகளான எரிகா, கிளாவுஸ் இருவருடன் சேர்ந்து ‘மிளகு ஆலை’ என்னும் அங்கத நாடகக் குழுவைத் தொடங்கினார். அதே மாதம் 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றார். மார்ச் மாதத்தில் கீசே நாட்டைவிட்டு வெளியேறினார்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலும் ஜெர்மன் மொழியே வழங்கியது. குழு அங்கே மீண்டும் திரை விலக்கியது. ஹிட்லரின் பெயரை ஒருமுறையும் சொல்லாமல், கதைகளாலும் உருவகங்களாலும் அவர்கள் அவரைச் சாடினர். ‘மடமை’யே ஒரு பாத்திரமாகி மேடையேறிப் பேசியது, அவ்வேடம் பூண்டவர் கீசே. 1934இல் சுவிஸ் நாட்டு நாஜி ஆதரவாளர்கள் அரங்கில் கலகம் விளைவித்தனர். பெயர் சொல்லாவிடினும் குறி தப்பவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1936இல் ஜான் ஹாம்ப்சன் என்ற ஆங்கில எழுத்தாளரைப் பெயரளவில் மணந்து பிரிட்டிஷ் கடப்பிதழ் பெற்றார். மறு ஆண்டு நியூயார்க்கில் குழு ஆங்கிலத்தில் நடித்தது, எடுபடவில்லை. கீசே சூரிக் திரும்பினார்.

அங்கேதான், 1941 ஏப்ரல் 19ஆம் நாள், பெர்டோல்ட் பிரெக்டின் ‘துணிச்சல் அன்னை’ முதன்முதலாக மேடையேறியது. போர்க்களந்தோறும் வண்டியிழுத்து வாணிகம் செய்து, தன் மூன்று பிள்ளைகளையும் அப்போருக்கே பறிகொடுக்கும் தாயாகக் கீசே நடித்தார். பின்லாந்தில் அகதியாயிருந்த பிரெக்டால் அதைக் காண இயலவில்லை. பார்த்தோர் அத்தாய்க்காக உருகினர் என்று அறிந்து அவர் வருந்தினார். போரை நம்பிப் பிழைப்பவளை மக்கள் எடைபோட வேண்டும், இரங்கக்கூடாது என்பது அவர் நோக்கம். பின்னர்ச் சில காட்சிகளைக் கடுமையாக்கினார். ஆயினும், 1950இல் மியூனிக்கில் அந்நாடகத்தைத் தாமே இயக்கியபோது அதே வேடத்தைக் கீசேக்கே வழங்கினார். நடிகைக்கு இதனினும் பெரிய சான்றிதழ் இல்லை என்பேன்.

1956இல் டியூரன்மாட்டின் ‘மூதாட்டியின் வருகை’யிலும் முதல் நாயகி அவரே. திரைப்படங்களிலும் நடித்தார், 1974இல் வெளிவந்த ‘லாக்கோம் லூசியன்’ என்ற பிரெஞ்சுப் படத்தில், ஒளிந்து வாழும் யூதக் குடும்பத்தின் பாட்டியாக வருவார்.

1975 மார்ச் 3ஆம் நாள் மியூனிக்கில் காலமானார். அவருடைய கல்லறை சூரிக் நகரில் உள்ளது.