படப்பெட்டி ஏந்திய சாட்சி

கல்வெட்டையும் செப்பேட்டையும் சான்றாகக் கொண்டு பழைய வரலாற்றை எழுதுகிறோம். இருபதாம் நூற்றாண்டில் அவற்றோடு புகைப்படமும் சான்றாக வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் வெள்ளையர் ஆட்சி கடைப்பிடித்த இனஒதுக்கல் கொள்கைக்கு எதிராக அத்தகைய சான்றொன்றைத் திரட்டித் தந்தவர் எர்னஸ்ட் கோல் என்னும் கறுப்பின இளைஞர். அதன்பொருட்டு அவர் எதை இழக்க நேர்ந்தது என்பதே நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

பிரிட்டோரியா நகரை அடுத்த ஏர்ஸ்டரஸ்ட் என்னும் ஊரில் 1940 மார்ச் 21ஆம் நாள் அவர் பிறந்தார். கறுப்பினப் பிள்ளைகளை ஏவலாளராகவே வளர்க்கும் நோக்குடன் தனிக் கல்விச் சட்டமொன்று 1953இல் இயற்றப்பட்டது. அந்தக் கல்வி தமக்கு வேண்டாமென்று பள்ளியைத் துறந்த கோல், அஞ்சல் வழியாகப் பயின்றார். 1958இல் ஜோகன்னஸ்பர்க் நகரின் 'டிரம்' பத்திரிகையில், யூர்கன் ஷாடபெர்க் என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரருக்கு உதவியாளராக அமர்ந்தார். அக்காலத்தில், மாஸ்கோ நகர மக்களைப் பற்றிப் பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே-பிரஸ்ஸோன் வெளியிட்ட படநூல் அவர் கைக்குக் கிட்டியது. ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வு முழுவதையும் ஒரே நூலில் அடக்கிவிடலாம் என்பதை அவர் உணர்ந்தார். தம் மக்களுக்கும் அப்படியொரு நூல் செய்வதென்று உறுதி கொண்டார்.

ஆனால் அந்நாட்டில் கறுப்பர் தம் விருப்பம்போல் ஊர் சுற்ற இயலுமா? பதினாறு வயது கடந்தவர்கள் எந்நேரமும் அநுமதிப் புத்தகத்தைச் சுமந்து திரிய வேண்டும். கேட்டபோது காட்டாதவர் சிறைக்குச் செல்ல வேண்டும். இந்தக் கொடுமையை எதிர்த்து ஷார்ப்வில் என்னுமிடத்தில் கூடியவர்களைப் போலீசார் சுட்டனர். அரசாங்கக் கணக்குப்படியே 69 பேர் மாண்டனர். அது நடந்த 1960 மார்ச் 21, கோலின் இருபதாவது பிறந்தநாள்!

மக்களை இனவாரியாகப் பிரித்துப் பதிந்த சட்டத்தில் ஒரு விந்தை இருந்தது. ஒருவர் எந்த இனத்தவர் என்று ஐயம் எழுந்தால், அதிகாரிகள் அவர் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பதுமுண்டு. பென்சில் நழுவி விழுந்தால் ஒரு இனம், விழாவிட்டால் வேறொரு இனம்! அறிவுக்கு ஒவ்வாத இச்சட்டத்தையே கோல் தமக்குக் கருவியாக்கிக் கொண்டார். கோலே என்ற குடும்பப் பெயரைக் கோல் என்று ஆங்கில வாடையுடன் மாற்றி, கலப்பினத்தவர் என்று தம்மைப் பதியச் செய்தார். அநுமதிப் புத்தகத்தின் தளை அறுந்தது. தம் மக்களைப் படம்பிடிக்கும் பொருட்டு, ஏட்டளவில் அவர்களிடமிருந்து பிரிய வேண்டியதாயிற்று.

பின்னர் அவர் செய்தவை அஞ்சா நெஞ்சினருக்கே இயலும். உணவுப் பொட்டலத்தோடு காமிராவையும் காகிதப் பையில் மறைத்துக்கொண்டு சுரங்க வளாகத்துள் நுழைந்தார். அங்கே வேலைக்கு வந்தோர் ஆடையின்றிச் சுவரை நோக்கி வரிசையாக நின்று, கைகளை உயர்த்தியவாறு மருத்துவச் சோதனைக்கு உட்படுவதைப் படமாக்கினார். நெரிசல் மிக்க வகுப்பறையொன்றில் முகத்தில் வியர்வை வழியக் குந்தியிருக்கும் சிறுவனின் படம் இன்னொன்று. பாடத்தைத் தவறவிடலாகாதே என்ற தவிப்பு அவன் கண்களில் தெரிகிறது. சுரங்கப் படம் சினத்தை மூட்டும். எனினும் இந்தச் சிறுவனின் முகமே நெஞ்சில் நெடுநாள் தங்குவதென்பது என் எண்ணம். அடக்குமுறை அவனுக்குக் கல்வியை மறுத்தது. கற்கும் ஆசையை மறுக்க இயலவில்லை.

1966இல், ஜேப்படிச் சிறுவர்களைப் படமெடுத்தபோது போலீசார் கோலையும் பிடித்தனர். ஒன்று, உளவாளியாக இருந்து அவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இன்றேல் சிறை. கோல் மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தார். பிரான்சிலுள்ள லூர்து மாதா திருத்தலத்துக்கு யாத்திரை போவதாகச் சொல்லி நாட்டைவிட்டு வெளியேறினார். 1967இல் நியூயார்க்கில் 'அடிமைத்தளையின் இல்லம்' எனப் பொருள்படும் தலைப்பில் நூல் வெளிவந்தது. உலகோர் கண்டு திடுக்கிட்டனர். மறு ஆண்டே தென்னாப்பிரிக்க அரசு அதைத் தடை செய்தது. எவருடைய வாழ்வு அதில் உள்ளதோ, அவர்கள் கண்ணில் படாதபடி அந்நூல் மறைக்கப்பட்டது.

கோல் தாய்நாடு திரும்பவேயில்லை. ஃபோர்டு அறக்கட்டளையின் பொருளுதவியுடன் அமெரிக்கக் கறுப்பரின் வாழ்வைப் படமெடுத்தார். ஆயினும் அப்படங்கள் அவர் காலத்தில் நூலாகவில்லை. சுவீடனிலும் சிலகாலம் பணியாற்றினார். நாளடைவில் காமிராவைக் கைவிட்டு, நியூயார்க்கில் தங்க வீடுமின்றி அலைந்தார். 1990 பிப்ரவரி 11ஆம் நாள் மண்டேலா சிறையினின்று விடுதலையானார். எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 19இல், புற்றுநோயால் கோல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49.

காணாமற்போயிருந்த அவருடைய நெகட்டிவ்களில் 60,000க்கு மேற்பட்டவை 2017இல் ஸ்டாக்ஹோம் நகர வங்கியொன்றின் காப்பறையிலிருந்து வெளிப்பட்டு, அவர் குடும்பத்தாரிடம் சேர்ந்தன. 2022இல் அந்த நூல் மறுபதிப்புப் பெற்றபோது, முதற்பதிப்பில் இடம்பெறாத ஓர் இயல் அதில் சேர்க்கப்பட்டது. 'கறுப்பரின் ஆக்கத்திறன்' என்று பொருள்படும் தலைப்பை அதற்குக் கோலே இட்டிருந்தார். அதிலுள்ள படங்களில் கறுப்பின மக்கள் ஓவியம் தீட்டுகிறார்கள், இசைக்கருவிகளை மீட்டுகிறார்கள், ஆடுகிறார்கள்.