மெல்லிய கையடக்க டிஜிட்டல் கேமரா

சட்டைப் பையில் அடங்கும், லென்ஸைக் கழற்றி மாற்ற இயலாத கேமரா வகை. கேனனின் டிஜிட்டல் இக்சஸ் (2000) 2 மெகாபிக்சலுடன் வந்தது. 2002இல் வெளியான காசியோ எக்ஸிலிம் எஸ்1 வெறும் 11.3 மி.மீ. தடிமன், அதற்கு விலை, ஜூம் இல்லாமை. அதே ஆண்டின் மினோல்டா டிமாஜ் எக்ஸ் ஒளியை முப்பட்டகத்தால் 90 பாகை திருப்பி, 3 மடங்கு ஜூமை உடலுக்குள்ளேயே செங்குத்தாக அடுக்கியது. லென்ஸ் வெளியே நீளவே நீளாது, கெட்டிக்கார ஏற்பாடு.

பகல் வெளிச்சத்தில் இவ்வகைக்குக் குறையில்லை: திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறை, நெருங்கி எடுத்தால் நெற்கதிரின் சுணை, எல்லாம் துல்லியமாக விழும். தியாகராஜர் ஆராதனைப் பந்தலில்தான் சோதனை. உணர்பரப்பு சுண்டுவிரல் நகத்தளவு என்பதால் மங்கலில் படம் புள்ளி புள்ளியாகும். பிளாஷ் எட்டுவது மூன்று நான்கு மீட்டர். பின்வரிசையிலிருந்து அடித்தால் பஞ்சரத்தினம் பாடுவோர் இருளில் இருக்க, முன்னால் அமர்ந்தவர் பிடரி மட்டும் பளிச்சிடும். பிளாஷை அணைத்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி எடுப்பதே உத்தமம். 2010க்குப் பின் இந்தச் சந்தையைத் திறன்பேசி பிடித்துக்கொண்டது.