கைபட்டுத் தேயும் படம்

வீட்டில் சொந்தமாக ஆர்கேட் இயந்திரம் கட்டுகிறவர்கள் கடைசியாகச் செய்யும் வேலைகளில் ஒன்று, கண்ட்ரோல் பேனலின் மேல் தெளிந்த அக்ரிலிக் ஷீட் ஒன்றை மாட்டுவது. அடியில் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப் பலகை, அதன் மேல் அச்சிட்ட படம், படத்தின் மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அக்ரிலிக். மூன்றையும் ஊடுருவிக்கொண்டு ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் நிற்கும். பழைய விளையாட்டுக் கூடங்களில் இருந்ததை அப்படியே மீட்டெடுக்கிறோம் என்ற நினைப்போடு இதைச் செய்பவர்கள் பலர். ஆனால் பழைய இயந்திரங்களைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. காசு போட்டு ஆடிய காலத்தில் பேனலின் படம் தேய்ந்து தீரும் சரக்கு. இயந்திரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அது காப்பாற்ற வேண்டிய பொருளாயிற்று. மேலே ஏறிய அக்ரிலிக், சம்பாதிக்கும் கருவி ஒன்று சொந்த உடைமையாக மாறியதன் அடையாளம்.

பேனலில் படம் வந்ததே அழகுக்காக அல்ல. 1971-இல் நட்டிங் அசோசியேட்ஸ் வெளியிட்ட கம்ப்யூட்டர் ஸ்பேஸ், வளைந்து நெளிந்த ஃபைபர்கிளாஸ் உடம்போடு வந்தது. அதன் பேனலில் சில பட்டன்கள் மட்டுமே. அடுத்த ஆண்டு அட்டாரியின் பாங் வந்தபோது ஆளுக்கு ஒரு திருகுகுமிழ் போதுமாக இருந்தது. திருகினால் மட்டை நகரும், சொல்லித்தர ஒன்றுமில்லை. 1979-இன் ஆஸ்டிராய்ட்ஸில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது, ஐந்து பட்டன்கள்: இடம் திரும்ப, வலம் திரும்ப, சுட, உந்த, மறைந்து வேறிடம் தோன்ற. யூஜின் ஜார்விஸ் வடிவமைத்த டிஃபெண்டரில் ஒரு ஜாய்ஸ்டிக், ஐந்து பட்டன்கள். எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாத ஆள் முதல் காசோடு போய்விடுவான். ஆகவே பட்டனைச் சுற்றி எழுத்தும் கோடும் வண்ணமும் வந்தன. வழிகாட்டிப் பலகையாகப் பிறந்து பின்னாளில் ஓவியமானது அது.

அந்த வழிகாட்டிப் பலகையின் மேல்தான் நாளெல்லாம் மணிக்கட்டுகள் உராய்ந்தன, கோலா சிந்தியது, சிகரெட் சாம்பலோடு சில வேளை நெருப்பும் விழுந்தது. பழைய பேனல்களில் இன்றும் பழுப்புநிறச் சூட்டுத் தழும்புகளைப் பார்க்கலாம். 1983-இல் கொனாமியின் டிராக் அண்ட் ஃபீல்ட் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். ஓட்டப்பந்தயத்தில் வேகம் வேண்டுமானால் பட்டனை விடாமல் குத்த வேண்டும். விரல் வலித்தவர்கள் ஸ்கேலை அதிரவைத்துப் பட்டனைத் தட்டினார்கள். இத்தனையையும் காகிதமோ வெறும் பெயிண்டோ தாங்காது.

இங்கேதான் முதல் ஆட்சேபம் எழும்: அப்படியானால் தொழிற்சாலைகளே படத்தைப் பாதுகாக்கவில்லையா? பாதுகாத்தன. 1980-களின் தொடக்கத்து அமெரிக்க இயந்திரங்கள் பலவற்றில் ஓவர்லே என்ற படத்தாள் மெல்லிய பாலிகார்பனேட்டால் ஆனது. பளபளப்பு கண்ணை உறுத்தாதபடி மேற்புறம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். படம் அதன் அடிப்பக்கத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யப்பட்டிருக்கும். கண்ணாடியின் பின்னால் வரைந்து முன்னால் பார்க்கிற தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தின் உத்திதான் இது. வரிசை தலைகீழ்: முதலில் கறுப்புக் கோடுகளும் எழுத்துகளும், பிறகு வண்ணங்கள், கடைசியில் எல்லாவற்றுக்கும் பின்னணியாக வெள்ளை. ஆடுகிறவன் கை மையைத் தொடுவதே இல்லை, பிளாஸ்டிக்கைத்தான் தொடுகிறது. இந்த உத்தி சிகாகோவுக்குப் புதிதும் அல்ல. பாலி, வில்லியம்ஸ், காட்லீப் போன்ற அந்நகரத்துப் பின்பால் நிறுவனங்கள் இயந்திரத்தின் முகப்புக் கண்ணாடிகளில் அதே தலைகீழ் அச்சைப் பல காலமாகச் செய்துவந்தவை. வீடியோ விளையாட்டு வந்தபோது அவற்றில் சில அந்தத் தொழிலிலும் இறங்கின. பாலிகார்பனேட் 1953-இல் பேயரின் ஹெர்மன் ஷ்னெல்லும் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டெடுத்த பொருள். அடித்தாலும் உடையாது என்பதே அதன் பெருமை.

ஆனால் அந்தப் பாதுகாப்பு எதற்காக என்று கேட்க வேண்டும். ஓவர்லேயில் படமும் கவசமும் ஒரே தாள். பின்னால் பசை, பேனலின் தகரத்தோடு ஒட்டிவிடுவார்கள். தேய்ந்தால் படத்தை மட்டும் மீட்க வழியில்லை, உரித்துப் போட்டுவிட்டு வேறொன்றை ஒட்ட வேண்டியதுதான். வசூலாகும் சில மாதங்கள் தாங்கினால் போதும் என்ற கணக்கு அது. இதைவிட வலுவான சாட்சி போல்ட்டுகள். பல பேனல்களில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கேரேஜ் போல்ட்டுகளின் உருண்டைத் தலைகள், ஓவியத்தின் நடுவிலேயே, மறைக்கும் முயற்சி எதுவுமின்றித் துருத்திக்கொண்டிருக்கும். படத்தை மதித்தவன் அதன் நெற்றியில் போல்ட் அடிக்க மாட்டான்.

மாற்று கிட்டுகளின் காலம் வந்ததும் இது இன்னும் வெளிப்படை. 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தபோது கூடம் நடத்தியவர்களிடம் பழைய பெட்டிகள் தேங்கிக் கிடந்தன. புதுப் பெட்டி வாங்கக் காசில்லை. புது போர்டு, புதுத் தலைப்புப் பலகை, புது ஓவர்லே அடங்கிய கிட் வாங்கினால் பழைய பெட்டியே புது விளையாட்டாகிவிடும். 1980-களின் நடுவில் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் ஒன்று வகுத்த ஜாமா என்ற 56 முனை இணைப்புத் தரம் இந்த மாற்றத்தைச் சில நிமிட வேலையாக்கியது. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது ஆளுக்கு ஆறு, மொத்தம் 12 பட்டன் தேவைப்பட்டது. பழைய பேனல்களில் புதுத் துளை போட்டார்கள், வேண்டாத துளையை அடைத்து மேலே புதுப் படத்தை ஒட்டினார்கள். ஒரே பேனலில் அடுக்கடுக்காக இரண்டு மூன்று விளையாட்டுகளின் படம் இருப்பது இதனால்தான். இந்த வியாபாரத்தில் படத்தை நிரந்தரமாகக் காப்பது முட்டாள்தனமாகவே பட்டிருக்கும்.

இன்னொரு ஆட்சேபமும் நியாயமானதே. அந்தக் காலத்திலேயே சிலர் தேய்ந்த பேனலின் மேல் தெளிந்த ஷீட் ஒன்றை வெட்டி மாட்டியதுண்டு. மேஜை வடிவ இயந்திரங்களுக்கோ முழு மேற்பரப்பும் கண்ணாடி. இரண்டும் உண்மை. ஆனால் மேஜையின் கண்ணாடி திரைக்கும் படத்துக்கும் மேலே. ஜாய்ஸ்டிக் உள்ள பேனல் கண்ணாடிக்கு வெளியே, மேஜையின் ஓரத்தில் தொங்கும். கைபடும் இடத்தை அது மூடவே இல்லை. தேநீர் வைக்கும் இடத்தைத்தான் மூடியது. நடத்தியவர்கள் தாங்களே மாட்டிய ஷீட்டோ, படம் ஏற்கெனவே கிழிந்த பிறகு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவதற்கான ஒட்டுவேலை. புதிதாக இருக்கும்போதே, தேய்வதற்கு முன்பே கவசம் போடுவது என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை.

அந்த எண்ணம் வீட்டில் பிறந்தது. 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா மேம் என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய ஆர்கேட் போர்டுகளின் நிரல்கள் சாதாரணக் கணினியில் ஓடத் தொடங்கின. கீபோர்டில் பாக்-மேன் ஆடுவது சப்பென்றிருந்தது. ஜாய்ஸ்டிக்கின் அசைவையும் பட்டனின் அழுத்தத்தையும் கீபோர்டின் விசையாக மாற்றிச் சொல்லும் சிறு சர்க்யூட் போர்டுகள் விற்பனைக்கு வர, பெட்டி கட்டும் பொழுதுபோக்கு பரவியது. 2004-இல் ஜான் செயின்ட் கிளேர் எழுதிய பிராஜெக்ட் ஆர்கேட் என்ற புத்தகம் வரும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. இவர்களிடம் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை இல்லை. அலுவலக இன்க்ஜெட்டிலோ ஊர் அச்சுக் கடையிலோ எடுத்த காகிதமோ வினைலோதான் இருந்தது. மை மேலே, கையும் மேலே. ஆக, தொழிற்சாலை ஒரே தாளில் சேர்த்து வைத்திருந்த படத்தையும் கவசத்தையும் இவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்.

பிரித்த கவசத்துக்குப் பெரும்பாலோர் தேர்ந்தது பாலிகார்பனேட்டை அல்ல, 1930-களில் ஜெர்மனியில் பிளெக்சிகிளாஸ் என்றும் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் விற்பனைக்கு வந்து போர் விமானங்களின் மூடிகளாகப் பறந்த அக்ரிலிக்கை. ஊர்தோறும் பலகைக் கடைகளில் கிடைத்தது, விலை குறைவு, கீறல் எளிதில் விழாது. குறை ஒன்றுதான்: நொறுங்கும் சுபாவம். மரத்துக்கும் தகரத்துக்கும் பழகிய கைகளை அது வேறு பாடம் படிக்க வைத்தது. சாதாரண டிரில் பிட்டின் கூரிய முனை அக்ரிலிக்கைக் கடித்து இழுத்து, மறுபக்கம் வெளிவரும்போது ஒரு மூலையைப் பெயர்த்துவிடும். அதனால் பிட்டின் விளிம்பைச் சற்று மழுக்கினார்கள், அடியில் கட்டை கொடுத்து ஷீட்டை நெருக்கிப் பிடித்தார்கள், அல்லது மரப் பேனலையே அச்சாக வைத்து, பேரிங் மாட்டிய ரூட்டர் பிட்டால் துளைகளைச் சுற்றி வழித்தெடுத்தார்கள். ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளைக் கடைசி வரை உரிக்காமல் வைப்பது இதில் எழுதாச் சட்டம்.

மாட்டும் முறையில்தான் இந்தக் கைத்தொழிலின் முதிர்ச்சி தெரிகிறது. தொடக்கத்தில் பலர் நான்கு மூலையிலும் திருகாணி போட்டார்கள். தலை பொதியக் கூம்புக் குழி தோண்டி, இறுக்கியும் விட்டார்கள். சில நாளில் மூலையிலிருந்து விரிசல் ஓடியது. காரணம் இரண்டு. கூம்புத் தலை ஆப்பு போலத் துளையை விரிக்கும். அதோடு அக்ரிலிக் வெப்பத்தில் எஃகைவிட ஐந்தாறு மடங்கு கூடுதலாக நீளும். 60 சென்டிமீட்டர் ஷீட் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் வளர்கிறது. நான்கு மூலையிலும் இறுகப் பிடித்த ஷீட்டுக்கு வளர இடமில்லை, ஆகவே வெடிக்கிறது. ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் அழுத்தம் தேங்கிய துளைகளைச் சுற்றி மயிர்க்கோடுகள் படரும். ஒரு கட்டத்தில் இவர்களுக்குப் புரிந்தது: திருகாணியே தேவையில்லை. ஒவ்வொரு பட்டனும் அகன்ற விளிம்பும் அடியில் நட்டும் கொண்ட ஒரு போல்ட்தான். அதன் விளிம்பு அக்ரிலிக்கை மேலிருந்து அமுக்குகிறது, நட் பலகையைக் கீழிருந்து இழுக்கிறது. பத்துப் பன்னிரண்டு பட்டன்கள் சேர்ந்தால் ஷீட் அசையாது. துளையைப் பட்டனைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினால் வளர இடமும் கிடைக்கும், விளிம்பு அந்த இடைவெளியை மறைத்தும்விடும். மூலையில் இன்னும் போல்ட் போடுகிறவர்கள் தட்டையான தலை, வாஷர், அகன்ற துளை என்று கற்றுக்கொண்டார்கள். ஆனால் புதிதாகச் சேர்ந்த அந்த 3 மில்லிமீட்டருக்கு ஒரு விலை உண்டு. ஜாய்ஸ்டிக்கின் தண்டு அந்த அளவுக்குக் குட்டையாகும். தகரப் பேனலுக்கென்று செய்த ஜப்பானிய 30 மில்லிமீட்டர் பட்டன்களின் கொக்கிகள் மரமும் அக்ரிலிக்கும் சேர்ந்த தடிமனைப் பிடிக்க மாட்டா. திருகும் நட் உள்ள வகையைத் தேட வேண்டும்.

இவ்வளவும் அச்சு வசதி இல்லாத குறைதானே, அதில் உடைமை உணர்வு எங்கே வந்தது என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் கெட்டியான வினைலில் லேமினேஷனோடு பேனல் படம் அச்சிட்டுத் தரும் கடைகள் வந்த பிறகும் அக்ரிலிக் போகவில்லை. வறுமை மட்டும் காரணமென்றால் வசதி வந்ததும் அது விடைபெற்றிருக்கும். தங்கியதற்குக் காரணம், பிரித்துவைத்த பிறகு படம் மாற்றக்கூடியதாகிவிட்டது: நட்டுகளைக் கழற்று, ஷீட்டைத் தூக்கு, வேறு படத்தை வை. 2009 தொடங்கிச் சண்டை விளையாட்டுகள் மறுபடி செல்வாக்குப் பெற்றபோது, மடியில் வைத்து ஆடும் ஆர்கேட் ஸ்டிக்குகளுக்கும் இதே ஏற்பாடு வந்தது. தமக்குப் பிடித்த படத்தைத் தாமே அச்சிட்டு அக்ரிலிக்கின் அடியில் நுழைக்கிறார்கள். காக்கவென்று வந்த கவசமே படத்தை மறுபடி தற்காலிகமாக்கியது. ஒரு வித்தியாசம்: கூடம் நடத்தியவர் வசூலுக்காக மாற்றினார், இவர்கள் ஆசைக்காக மாற்றுகிறார்கள்.

புதிதாகக் கட்டும் பெட்டியில் இதற்கு மறுப்பில்லை. அசல் பழைய இயந்திரத்தைச் சீர்செய்கிறவர்கள் தேய்ந்த பேனலை உரித்து, புதுப் படம் ஒட்டி, அக்ரிலிக் மாட்டும்போதுதான் தயங்க வேண்டியிருக்கிறது. பாக்-மேன் பெட்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சுவரின் ஓவியம் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தேய்ந்திருக்கும். அந்த ஆட்டத்துக்கு நடுவில் ஒரே ஜாய்ஸ்டிக், வலக்கை அதில், சும்மா இருந்த இடக்கை பெட்டியின் பக்கத்தைப் பற்றிக்கொண்டது. எந்தக் கையேட்டிலும் எழுதப்படாத பழக்கம் அது. டிஃபெண்டரின் பேனலில் எந்தப் பட்டனைச் சுற்றி மை போயிருக்கிறது என்று பார்த்தால் எதை ஆட்டக்காரர்கள் ஓயாமல் அழுத்தினார்கள் என்பது தெரியும். அதன் மேல் புதுப் படம் ஒட்டி மாட்டும் எவ்வளவு நேர்த்தியான அக்ரிலிக்கும் இதைச் சொல்லாது. 1981-இல் தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது அந்தப் பேனல் எப்படி இருந்தது என்பதை மட்டும் காட்டும்.