பதிவேட்டுத் திருத்தமும் வரிசை ஒழுங்கும்: ஒரு வரலாற்று நோக்கு

நிருவாக வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் அவற்றை இயற்றியோரையும் விரிவாக ஆராய்வர். அச்சட்டங்கள் நடைமுறைக்கு வருவதற்கு இன்றியமையாத பதிவேட்டு வேலை பெரும்பாலும் அவர்தம் கவனத்திற்கு வருவதில்லை. புதிதாக வந்த பட்டியல் ஒன்றைக் கொண்டு பல இலட்சம் பதிவுகளைத் திறம்படத் திருத்துவது எவ்வாறு என்ற வினாவை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். இதற்கான விடை இயந்திரத்தின் வேகத்திலும் பார்க்க வேலையின் ஒழுங்கிலேயே தங்கியுள்ளது என்பது எமது கருத்தாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1936இன் இறுதியில் தொடங்கிய பதிவின்போது சில மாதங்களுள் ஏறத்தாழ 3 கோடித் தொழிலாளர்க்குக் கணக்கிலக்கங்கள் வழங்கப்பட்டன. தொழில்தருநர் அறிவித்த ஊதியம் ஒவ்வொருவரின் கணக்கிலும் சேர்க்கப்படல் வேண்டும். 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஹேர்மன் ஹொலரித் கையாண்ட துளையட்டை முறையே இதற்கும் பயன்பட்டது. ஆயினும், ஒவ்வோர் அட்டைக்கும் உரிய கணக்கைத் தனித்தனியே தேடின் வேலை முடிவுறாது. 1937இல் ஐ.பி.எம். நிறுவனம் ஆக்கிய அட்டை ஒப்பிடும் இயந்திரம் இதற்கு வழிகாட்டியது. இலக்க வரிசையில் அடுக்கப்பட்ட இரு அட்டைக் கட்டுகளை அது ஒருசேர ஓடவிட்டது; ஒத்தவற்றை இணைத்தது; ஒவ்வாதவற்றை வேறாக ஒதுக்கியது. ஒரே ஓட்டத்தில் வேலை நிறைவுற்றது.

1950களில் கணனியும் காந்த நாடாவும் வந்தபோதும் இம்முறை மாறவில்லை. பழைய நாடாவும் திருத்த நாடாவும் ஒருங்கே வாசிக்கப்பட்டுப் புதிய நாடா எழுதப்பட்டது. பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறை நாடாக்கள் பேணப்பட்டமையால் பிழை நேர்ந்தவிடத்து மீண்டும் தொடங்க முடிந்தது.

காந்த வட்டுக்கள் எப்பதிவையும் நேரே அடைய உதவின. இவ்வசதியே ஒவ்வொன்றாகத் தேடும் பழைய வழக்கத்தையும் மீளக் கொணர்ந்தது. எட்கார் கொட் 1970இல் முன்வைத்த தொடர்புமுறை மாதிரியோ தரவுகளைத் தொகுதிகளாகவே நோக்கியது. இன்று உரைக்கோப்பு ஒன்றின் ஒவ்வொரு வரிக்கும் தனிக் கட்டளை அனுப்புவோர் பெருங்காலத்தை இழக்கின்றனர். கோப்பு முழுவதையும் முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் ஏற்றி, இலக்கங்கள் இருமுறை வந்துள்ளனவா எனச் சோதித்து, ஒவ்வாதவற்றைப் பிரித்து, எஞ்சியவற்றை ஒரே கட்டளையால் இணைத்துத் திருத்துவதே தக்க வழி. அதனை ஒரே நடவடிக்கையாகச் செய்யின், பிழை கண்டவிடத்து முழுவதையும் முன்னைய நிலைக்குத் திருப்பலாம். துளையட்டைக் காலத்தின் ஒழுங்கும் நாடாக் காலத்தின் காப்பும் இங்கு ஒன்றுசேர்வதைக் காண்கிறோம்.

இவ்வரலாற்றை வெறும் தொழினுட்ப வெற்றியாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. ஒவ்வாதென ஒதுக்கப்பட்ட அட்டையும் ஒரு தொழிலாளியின் ஊதியமே. அதனை மனிதரே எடுத்து ஆராய வேண்டும். மேலும், 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் விலக்கியது. கறுப்பின உழைப்பாளரிற் பெரும்பான்மையோர் இத்தொழில்களிலேயே ஈடுபட்டிருந்தனர். 1950ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் பின்னரே அவர்களுள் ஒரு பகுதியினர் உள்வாங்கப்பட்டனர். அவர்களுக்கு அட்டையே இல்லாதபடியால், ஒவ்வாதவற்றை ஒதுக்கிய இயந்திரமும் அவர்களைக் காட்டவில்லை. பதிவேட்டின் திறனை மதிப்பிடும்போது, அதில் இடம்பெறாதோர் யாவர் என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.