கல்லூரி வாயிலும் மதிப்பெண்ணும்

எங்கள் தியாகதுருகத்து மலைக்கோட்டைக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். நான் இன்று கூற விழைவதோ மாணவர் முட்டி நிற்கும் வேறொரு வாயிலைப் பற்றியது.

1857-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டு முதல் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதியோர் 41 பேர். தேறியோர் 36 பேர். தேறுவதே அன்று நுழைவுரிமை. பின்னர்த் தேறியோர் பெருகிய அளவுக்கு இடங்கள் பெருகவில்லை. ஆகவே பிறரை முந்தவும் வேண்டியதாயிற்று.

1984-இல் தமிழக அரசு மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வைக் கொணர்ந்தது. சிற்றூர் மாணவர்க்குப் பயிற்சி வசதி இல்லை என்னும் வாதம் வலுக்கவே, 2007-இல் அது சட்டத்தால் நீங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017-இல் மருத்துவத்துக்கு நீட் தேர்வு வந்தது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று.

2022 ஜனவரியில் எங்கள் ஊருக்கு அருகே, சிறுவங்கூரில், அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கட்டடம் பக்கத்தில் வந்துவிட்டது. ஆயின் அதனுள் நுழைய நாடு முழுவதும் எழுதும் தேர்வில் முந்த வேண்டும். எல்லா மாநிலத்தாரையும் ஒரே அளவால் அளப்பதே நேர்மை என்பாரும் உளர். அது எண்ணத்தக்க வாதமே. எனினும், பயிற்சிக் கட்டணம் செலுத்த இயலாத உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அளவு எட்டுமா என்பதையும் உடன் கேட்க வேண்டும்.

அளவுகோல்கள் மனிதர் வகுத்தவை; காலந்தோறும் மாறியவை. மதிப்பெண் குறைந்ததெனத் தன்னையே நொந்துகொள்ளும் மாணவன் இவ்வரலாற்றை அறிதல் நன்று.