எல்லாத் தடித்த காலும் யானைக்கால் அல்ல

சிவகாசியில் பட்டாசு வேலைக்குப் போகும் உறவுக்காரப் பெண் ஒருவர்; எனக்கு அக்கா முறை. மெலிந்த இடை, கால்கள் மட்டும் தூண்கள். "யானைக்கால்" என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். அந்தத் தீர்ப்பு சரிதானா? நீங்களே பாருங்கள்.

யானைக்கால் நோயின் வரலாற்றில் நம் நாட்டுக்குப் பங்குண்டு. 1872இல் கல்கத்தாவில் லூயிஸ் என்பவர் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனாவில் மான்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். முதிர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பதால் கால் வீங்குகிறது. நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலவும். அதனால்தான் இரவில் இரத்தம் எடுக்கிறார்கள். அக்காவுக்கும் எடுத்தார்கள், புழு இல்லை. பிறகு, "சோற்றைக் குறை" என்றார்கள். குறைத்தார், இடைதான் இன்னும் மெலிந்தது!

இதற்கு 1940இலேயே பெயர் வைத்தாயிற்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் இருவரும் (இருவருக்கும் முதற்பெயர் எட்கர்!) இதை 'லிப்பிடீமா' என்றனர். கொழுப்பு வீக்கம் எனலாம். ஏறக்குறைய பெண்களுக்கே வருவது, பூப்பு, கருப்பம், மாதவிடாய் நிற்றல் ஆகிய காலங்களில் தலைகாட்டும், குடும்பவழியாகவும் வரும். செய்யும் வேலை இதற்குக் காரணமன்று.

அடையாளம் பாதத்தில் இருக்கிறது. இரு கால்களும் ஒன்றுபோல் பருத்திருக்கும்; ஆனால் கொலுசு போடும் இடத்தோடு பருமன் நின்றுவிடும், பாதம் தப்பிவிடும். தொட்டால் வலிக்கும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். 1976இல் ஸ்டெம்மர் என்ற மருத்துவர் ஓர் எளிய சோதனை சொன்னார்: இரண்டாம் கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்குங்கள். தூக்க வராவிட்டால் நிணநீர் வீக்கம். லிப்பிடீமாவில் தோல் எளிதாக எழும். முற்றிய நிலையில் இரண்டும் சேர்ந்தே வரலாம். இருதயம், சிறுநீரகம் கெட்டாலும் கால் வீங்கும். ஆகவே முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

சிகிச்சையில் நம் பௌதிகமும் உண்டு. அசையாமல் நிற்கும்போது கணுக்காலின் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். இருதயத்திலிருந்து கணுக்கால் வரையுள்ள இரத்தத் தம்பத்தின் எடைதான் அது. நடந்தால் கெண்டைத் தசை பம்பு போல் இரத்தத்தை மேலேற்றும். அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கும். கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் உள்ள அழுத்தக் காலுறையும், நடையும், நீந்துவதும் வலியைக் குறைக்கும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவையும் உண்டு, செலவு அதிகம். அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் இதற்குத் தனி எண்ணே இருக்கிறது. அக்கா இப்போது காலுறை அணிந்து வேலைக்குப் போகிறார். விருதுநகர் வெயிலில் அது படுத்தும் பாட்டை அவரிடந்தான் கேட்க வேண்டும்.