எதிரணியின் பெயர்

1989 ஜனவரியில் பனாஜியில் நடந்த ஒரு ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தின் ஸ்கோர்கார்டில் இப்படி இருக்கிறது: தமிழ்நாடு, 6 விக்கெட் இழப்புக்கு 912, டிக்ளேர்டு. எதிரணி கோவா.

அந்த 912-இல் டபிள்யூ.வி. ராமன் 313. அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. ஒரே இன்னிங்ஸில் இரண்டு பேர் முச்சதம் அடிப்பது முதல்தரக் கிரிக்கெட்டில் அதுதான் முதல் தடவை. கிரிக்கெட் கேள்வி-பதில் போட்டிகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. பெயர்களைச் சொன்னால் மார்க் கிடைத்துவிடும். எதிரணி யார் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு விஷயமும் யாரும் கேட்பதில்லை. அந்த 912-இல் 52 ரன்களை எந்த மட்டையும் அடிக்கவில்லை. குறித்த நேரத்துக்குள் வீசவேண்டிய ஓவர்களைக் கோவா வீசவில்லை என்று விதிக்கப்பட்ட அபராத ரன்கள் அவை. ஆக, களத்தில் எடுத்தது 860. நாள் கணக்கில் பந்துக்குப் பின்னால் ஓடி அலுத்த அணிக்கு, மெதுவாக ஓடினாய் என்று தண்டனை வேறு! அந்த 52-ஐயும் சேர்த்ததால்தான் தமிழ்நாடு பழைய ரஞ்சிச் சாதனை ஒன்றைச் சரியாக எட்டிப்பிடித்தது. 1945-46இல் இந்தூரில் ஹோல்கர் அணி எடுத்ததும் அதே 912தான், 8 விக்கெட்டுக்கு. அந்த ஒரே இன்னிங்ஸில் ஆறு பேர் சதமடித்தார்கள். அன்றைய எதிரணி மைசூர்.

கோவா, மைசூர் என்ற இந்த இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதும்கூட.

முதலில் அடித்தவர்களின் கதை. ராமன் அந்த சீசனில் மொத்தம் 1,018 ரன்கள் எடுத்தார். 1944-45இல் ரூசி மோடி எடுத்த 1,008தான் அதுவரை ஒரு ரஞ்சி சீசனின் உச்சம். நாற்பத்து நாலு வருஷம் நின்ற எண்ணை ஒரு சென்னை இடதுகை ஆட்டக்காரர் பத்து ரன்னில் தாண்டினார். பிறகு 1999-2000இல் வி.வி.எஸ். லக்ஷ்மண் 1,415 எடுத்து அதை எங்கோ பின்னால் விட்டுவிட்டுப் போனார். சரி, ராமனின் டெஸ்ட் வாழ்க்கை? 1988இல் சேப்பாக்கத்தில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அறிமுகம். இரண்டாவது இன்னிங்ஸில் 83. ஹிர்வானி பதினாறு விக்கெட் எடுத்த ஆட்டம் அது, அந்த ஆரவாரத்தில் இந்த 83 காதில் விழவேயில்லை. மொத்தம் 11 டெஸ்ட், 448 ரன், அதிகபட்சம் 96. 1992 டிசம்பரில் செஞ்சுரியனில் 114 அடித்து, தென்னாப்பிரிக்க மண்ணில் ஒருநாள் சதம் அடித்த முதல் இந்தியர் ஆனார். அவ்வளவுதான். 313 அடித்தவருக்கு டெஸ்டில் ஒரு சதம்கூட இல்லை.

அர்ஜன் இந்தியாவுக்கு ஆடவே இல்லை. ஆனால் அவர் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் சென்னைக் கிரிக்கெட்டின் பாதி வரலாற்றைச் சொல்லிவிடலாம். தாத்தா ஏ.ஜி. ராம் சிங், அமிர்தசரஸைப் பூர்வீகமாகக் கொண்டு சென்னைக்காரர் ஆனவர். 1934 நவம்பர் 4, ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சேப்பாக்கம். மதராஸும் மைசூரும் மோதின. மைசூர் 48. மதராஸ் 130. மைசூர் மறுபடி 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். அப்பேர்ப்பட்டவர் அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட ஆடியதில்லை.

அவர் மகன் ஏ.ஜி. கிருபால் சிங், அர்ஜனின் அப்பா. 1954-55இல் மதராஸ் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அந்த அணியின் முதுகெலும்பு அவர்தான். அந்த சீசனில் 636 ரன். இந்தூரில் ஹோல்கரை எதிர்த்து நடந்த இறுதி ஆட்டத்தில் 75, 91, கூடவே ஏழு விக்கெட். அடுத்த சீசனில், நவம்பர் மாதம் ஹைதராபாதில் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம், ஆட்டமிழக்காமல் 100. அறிமுகத்திலேயே சதம் என்றால் ஊரே கொண்டாடும். ஆனால் 1964 வரை நீண்ட 14 டெஸ்ட்களில் அவர் எடுத்த ஒரே சதம் அதுதான். மொத்தம் 422 ரன். ஒரு நாள் திறந்த கதவு, பிறகு பாதி சாத்தியே கிடந்தது.

ஒரு நாளின் சாதனையும் ஒரு வாழ்நாளின் ஆட்டமும் வேறு வேறு சமாச்சாரம். புள்ளிவிவரப் புத்தகம் முதலாவதைத் தடித்த எழுத்தில் போடும். இரண்டாவதை எட்டிப்பார்க்க நாலு பக்கம் புரட்டவேண்டும்.

இந்தச் சிக்கல் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க பேஸ்பாலில் பேப் ரூத் 1927இல் ஒரே சீசனில் 60 ஹோம் ரன்கள் அடித்தார். 1961இல் ரோஜர் மாரிஸ் 61 அடித்தார். ஆனால் ரூத் காலத்தில் ஒரு சீசனுக்கு 154 ஆட்டம், மாரிஸ் காலத்தில் 162. மாரிஸ் நெருங்கி வருவதைப் பார்த்ததும் பேஸ்பால் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக், 154 ஆட்டத்துக்குள் தாண்டாவிட்டால் இரண்டு சாதனைகளையும் தனித்தனியாகத்தான் பதிவுசெய்ய வேண்டும் என்று அறிவித்துவிட்டார். ஃப்ரிக் ஒரு காலத்தில் ரூத்துக்கு நெருக்கமான பத்திரிகையாளராக இருந்தவர். மாரிஸின் பெயருக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரக் குறி ஒன்று ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரிவினை நீங்கியது 1991இல். அதற்கு ஆறு வருஷம் முன்பே மாரிஸ் இறந்துவிட்டிருந்தார்.

ஜோஷ் கிப்சனின் கதை இதற்கு நேர் எதிர். நிறத்தின் பெயரால் பெரிய லீக்குகளில் கறுப்பர்களுக்கு இடமில்லாத காலம். கிப்சன் கறுப்பர்களின் லீக்குகளில் ஆடினார். 1947 ஜனவரியில் இறந்தார். மூன்றே மாதத்தில் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்து பெரிய லீக்கில் கால் வைத்தார். கிப்சனின் எண்கள் பல தலைமுறைகளாக ‘அது வேற லீக்கு’ என்று ஒதுங்கிக் கிடந்தன. 2024 மே மாதம் அந்த லீக்குகளின் கணக்கும் அதிகாரபூர்வப் பதிவில் சேர்ந்தது. கிப்சனின் .372 சராசரி, டை காப்பின் .367-ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. ஒரு பந்துகூடப் புதிதாக ஆடப்படவில்லை. புத்தகத்தின் அட்டை மட்டும் கொஞ்சம் அகலமானது.

இரண்டு கதையிலும் கேள்வி ஒன்றுதான்: யாருக்கு எதிராக, எந்த நிலையில் அடித்தது? இந்தக் கேள்விக்கு ஆய்வுப் பட்டம் எல்லாம் தேவையில்லை. மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்தில், எங்கள் நாகமலை புதுக்கோட்டையில், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்ச் முடிந்து டீக்கடைக்கு வரும் பையன்கள் இதைத்தான் கேட்பார்கள்.

“நேத்து எம்பது அடிச்சேன்டா.”

“யாரு பௌலிங்கு?”

அந்த ஒரு கேள்வியில் எண்பது நாற்பதாகும், சில நாள் இருபதாகவும் ஆகும். தேர்வாளர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் நாகரிகமான பாஷையில்.

கோயம்புத்தூர் நாராயண் ஜெகதீசனிடம் அப்படித்தான் கேட்கப்பட்டது. 2022 நவம்பர் 21, பெங்களூரு சின்னசாமி மைதானம், விஜய் ஹசாரே கோப்பை. 141 பந்தில் 277. 25 நாலு, 15 ஆறு. ஐம்பது ஓவர் ‘லிஸ்ட் ஏ’ ஆட்டங்களில் அதுவரை உலகில் யாரும் எடுக்காத ஸ்கோர். 2002இல் சர்ரே அணியின் அலி பிரௌன் எடுத்த 268 பின்னால் போனது. சாய் சுதர்சன் 154. முதல் விக்கெட்டுக்கு இருவரும் சேர்ந்து 416. அணி 2 விக்கெட்டுக்கு 506. அதற்கு முந்தைய நான்கு ஆட்டங்களிலும் ஜெகதீசன் சதம் அடித்திருந்தார்: ஆந்திராவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 114, சத்தீஸ்கருடன் 107, கோவாவுடன் 168, ஹரியானாவுடன் 128. ஆக, தொடர்ந்து ஐந்து சதம். அதுவரை எவருக்கும் நாலுக்கு மேல் வாய்த்ததில்லை. சில நாள் முன்புதான் அவருடைய ஐபிஎல் அணி அவரை விடுவித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மட்டை வீச்சில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

எதிரணி அருணாச்சலப் பிரதேசம். 71 ரன்னில் ஆட்டம் இழந்தது. வித்தியாசம் 435.

உடனே ஆரம்பித்தார்கள்: “அருணாச்சலுக்கு எதிரா தானே?” நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. அருணாச்சல் 2018-19இல்தான் உள்நாட்டுப் போட்டிகளுக்குள் வந்த அணி. ஆனால் ஹரியானாவுக்கு எதிரான 128-ஐ அதே மூச்சில் யாரும் சொல்லவில்லை. 277-இன் வெளிச்சம் மற்ற நான்கு சதங்களையும் மறைத்துவிட்டது. பெரிய எண் அடித்தவருக்குச் செய்யும் கெடுதல் இது. ஜெகதீசனுக்கு இந்திய டெஸ்ட் அணியின் அழைப்பு 2025 ஜூலையில் வந்தது, ரிஷப் பந்த் காயம்பட்டபோது மாற்று விக்கெட் கீப்பராக. ஓவல் டெஸ்டில் அவர் களமிறங்கவில்லை.

எதிரணி பலமாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் கருண் நாயர் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 எடுத்தார். அடுத்த சில மாதங்களிலேயே அணியிலிருந்து போனவர், மறுபடி டெஸ்ட் ஆடியது 2025 ஜூனில். ‘யாரு பௌலிங்கு’ என்று கேட்க அங்கே இடமே இல்லை. எட்டு வருஷம் அவர் காத்திருந்தது வேறு கணக்கு.

பெரிய எண்ணே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஸ்ரீதரன் சரத், இடதுகை. 139 முதல்தர ஆட்டங்கள், 8,700 ரன், சராசரி 51க்கு மேல், 27 சதம். இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை. திராவிட், லக்ஷ்மண், கங்குலி நடுவரிசையை நிரப்பிவிட்ட காலத்தில் பிறந்தவர். பிறகு அவரே தேசியத் தேர்வாளராக நாற்காலியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். சுப்ரமணியம் பத்ரிநாத் 10,245 முதல்தர ரன் எடுத்தவர், சராசரி 54. கிடைத்தது இரண்டு டெஸ்ட், மூன்று இன்னிங்ஸ். அறிமுகத்தில் நாக்பூரில், தென்னாப்பிரிக்க வேகப்பந்துக்கு எதிராக 56. கேள்வி-பதில் போட்டிகளில் இவர்களைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. பதினைந்து வருஷம் பனியிலும் வெயிலிலும் ஆளில்லாத மைதானங்களில் எடுத்த ரன்களை ஒரு வரிக் கேள்வியாகச் சுருக்கமுடியாது. தமிழ்நாட்டு மட்டை வரலாற்றை எழுதுகிறவர் 912-இல் தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் இவர்களிடம் வந்து சேராவிட்டால் அது வரலாறு ஆகாது.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன இரண்டு பெயர்கள்.

1934இல் சேப்பாக்கத்தில் 48, 59 என்று ஒரே நாளில் சுருண்ட மைசூர், 1945-46இல் இந்தூரில் 912 வாங்கிக்கட்டிக்கொண்ட மைசூர், 1973-74இல் கர்நாடகம் என்ற பெயரில் ரஞ்சிக் கோப்பையை முதன்முறை வென்றது. இதுவரை எட்டு முறை வென்றிருக்கிறது. நமக்கு இரண்டே முறை: 1954-55, 1987-88. 1995-96 இறுதி ஆட்டத்தில் அவர்கள் நம்மைச் சேப்பாக்கத்திலேயே தோற்கடித்தார்கள். 2015 மார்ச்சில் மும்பை வான்கடேயில் நடந்த இறுதி ஆட்டத்தில் நாம் முதல் இன்னிங்ஸில் 134. அவர்கள் 762. அதில் கருண் நாயர் 328, ரஞ்சி இறுதி ஆட்டம் ஒன்றில் அதுவரை எடுக்கப்பட்ட தனிநபர் உச்சம். அந்தச் சாதனையின் ‘எதிரணி’ என்ற இடத்தில் அச்சாகியிருப்பது தமிழ்நாடு. முதல் ஆட்டத்தில் ராம் சிங் 11 விக்கெட் எடுத்ததற்கு, எண்பது வருஷம் கழித்து வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொன்னால் கர்நாடகக்காரர்கள் சிரிப்பார்கள். நமக்குச் சிரிப்பு வராது.

கோவா? 2024 நவம்பரில், பொர்வோரிம் மைதானத்தில், ரஞ்சியின் பிளேட் பிரிவில் கோவா 2 விக்கெட் இழப்புக்கு 727. ஸ்னேஹல் கௌதண்கர் ஆட்டமிழக்காமல் 314. காஷ்யப் பாக்ளே ஆட்டமிழக்காமல் 300. மூன்றாவது விக்கெட்டுக்குப் பிரியாமல் 606. ரஞ்சிக் கோப்பையில் ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம் என்பது அது இரண்டாவது தடவை. முதல் தடவை நடந்தது அதே கோவா மண்ணில், அதே கோவாவுக்கு எதிராக, முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பு. 1989இல் கோவா ரஞ்சிக்குள் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. 2024இல் அவர்களிடம் மாட்டியதும் ரஞ்சிக்குள் வந்து சில வருஷங்களே ஆன அணிதான். அருணாச்சலப் பிரதேசம்.

அருணாச்சல் அந்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் எடுத்தது 84. பெங்களூரில் நம்மிடம் எடுத்ததைவிடப் பதின்மூன்று ரன் அதிகம்.